தூங்கிவிட்டு வா, பல் பார்க்கலாம்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கதவைப் பார்த்தபடி, சக்கரம் வைத்த முக்காலியில் டாக்டர் ரிஸ்வானா. அவருக்கு வலப்பக்கம், மேசை விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் அபினவ். மணிக்கட்டுக் காப்பு செய்யும் நிறுவனம் சென்னையிலிருந்து அனுப்பிய பொறியாளர். சன்னலோரத்து ரெக்சின் பெஞ்சில் என் தங்கை ஹரிணி. அவள் மடியில், வீங்கிய கன்னத்தை அம்மாவின் தோளில் புதைத்தபடி, அவள் மகள் இதழினி. பெஞ்சின் மறுமுனையில் நான்.

அறையின் நடுவில் பெரிய பல் நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. அது பூட்டியிருந்தது.

பூட்டுக்குக் காரணம் இதழினியின் மணிக்கட்டில் இருந்தது. உறக்கக் காப்பு. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற எல்லாப் பிள்ளைகளும் போட்டிருக்கிற, வளையல் மாதிரியான ஒன்று. பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று மூன்று இரவு பார்த்துவிட்டு ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் பல் நாற்காலி தானே திறந்துகொள்ளும். மஞ்சள் என்றால் பக்கத்திலிருக்கிற உறக்க அறையில் ஒரு தூக்கம் போடவைத்துப் பச்சையாக்கிக் கூட்டி வருவார்கள். சிவப்பு என்றால் நாற்காலி அசையாது. உறக்க அறையிலும் தூக்கம் வராவிட்டால், தூங்கிவிட்டு வா, பல் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

"மூணு ராத்திரியும் சிவப்பு," என்றார் அபினவ், கையிலிருந்த தொடுதிரைப் பலகையைப் பார்த்துக்கொண்டே. "அதுவும் சாதா சிவப்பு இல்ல டாக்டர். போன மாசத்த விட மோசம்."

ஹரிணி சட்டென்று நிமிர்ந்தாள். "அதெப்புடிங்க மோசமாகும்? வீதி மொத்தமும் தறிய நிறுத்திப்போட்டமுங்க! மூணு ராத்திரி ஒரு தறி ஓடல. நூல் வந்து கெடக்குது, ஆர்டர் கெடக்குது, எல்லாரும் எம்புள்ளைக்காகக் கைகட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. நாய் கொலச்சாக்கூட வெரட்டி விட்டமுங்க!"

அது உண்மை. எங்களுடையது விசைத்தறி வீதி. முன்னறையில் தறி, பின்னறையில் படுக்கை. காப்பு வந்த நாளிலிருந்து எங்கள் வீதிப் பிள்ளை ஒன்றுக்குக்கூடப் பச்சை வந்ததில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து, 'வீட்டுச் சூழல் உகந்ததாக இல்லை' என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊருக்குள் எங்களுக்குச் சிவப்பு வீதி என்று பெயர். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர், "அந்த வீதியில பொண்ணெடுத்தா பேரனுக்கு அரிசிச் சோறு தவிர ஒண்ணும் மெல்ல முடியாதுங்க" என்று சொல்ல, பந்தியே சிரித்தது. தறிச் சத்தம்தான் குற்றவாளி என்று நாங்களும் நம்பினோம். இதழினியின் கன்னம் வீங்கத் தொடங்கியதும் வீதியில் கூட்டம் போட்டு, தறிகளை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். நான்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

"அவளுக்கு மட்டும் இல்ல," என்றார் அபினவ். "உங்க தெருவுல எல்லாக் குழந்தைக்கும் இந்த மூணு நாள் இன்னும் இறங்கியிருக்கு. நம்பவே முடியல. சத்தம் இல்ல, அதிர்வு இல்ல. தங்கமா தூங்கியிருக்கணும்."

டாக்டர் ரிஸ்வானா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு இந்தப் பூட்டு மேல கோவம் இல்லம்மா. இது வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நீ பாக்கல. நாலு பேர் கைகாலப் பிடிச்சு அமுக்குவோம். கத்திக் கத்தி வாந்தி எடுக்கும். ஒரு தடவ வந்த புள்ள, வளந்து கல்யாணம் ஆனப்புறமும் பல் டாக்டர் வாசலை மிதிக்காது. நல்லாத் தூங்கின புள்ள பயத்தத் தாங்கும். தூங்காத புள்ளைக்குக் குட்டி ஊசிகூடக் கடப்பாரை மாதிரி. அதான் நானே இந்த நாற்காலி வேணும்னு கேட்டு வாங்கினேன். வந்ததுக்கு அப்புறம் இந்த மாடியில அழுகைச் சத்தமே இல்ல."

"எங்களுக்கும் அழுகச் சத்தம் இல்லீங்க டாக்டரம்மா," என்றாள் ஹரிணி. "உள்ளயே விட்டாத்தானே அழுகறதுக்கு."

டாக்டர் இதழினியின் பக்கம் முக்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "கண்ணு, ராத்திரி என்ன பண்ணின? தூக்கம் வரலையா?"

தோளுக்குள்ளிருந்து கோபமாக ஒரு குரல் வந்தது. "தறிய நிறுத்திப்போட்டாங்க. அப்பறம் எப்புடித் தூங்கறது?"

முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினோம்.

"இரு இரு," என்றார் அபினவ். மேசையை விட்டு இறங்கியே விட்டார். "என்ன சொன்ன பாப்பா?"

"கரண்ட் போனா நாங்க எல்லாரும் எந்திரிச்சுக்குவோம்," என்றாள் இதழினி. "சின்னப் பாப்பா எல்லாம் அழுகும். தறி ஓடுனாத்தான் மறுக்காத் தூங்கும்."

எங்கள் வீதியில் பிறந்த யாருக்கும் இது தெரியும். மின்சாரம் நின்ற நொடியில் வீதி முழுக்கத் தொட்டில்கள் அழும். அது எங்களுக்கு மழை பெய்வது போல ஒரு சாதாரண விஷயம். அதையும் காப்பின் சிவப்பையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை தூங்க வேண்டுமென்று, பிள்ளையைத் தூங்க வைப்பதையே நிறுத்தியிருக்கிறோம்!

அபினவ் பலகையில் விரலால் கோடுகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். காது சிவந்துவிட்டது அவருக்கு. "டாக்டர், இங்க பாருங்க. தறி ஓடின நாள்ல விடாம ஒரே சீரா ஒரு ஆட்டம் இருக்கு. குழந்தை இப்படியா புரளும்? கடிகாரம் மாதிரியா புரளும்? இது கட்டில் அதிர்றது! காப்பு அதைக் குழந்தை புரளுதுன்னு கணக்குப் பண்ணிடுச்சு. எங்க ஆளுங்க இதுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அபார்ட்மெண்ட் குழந்தைங்க தூக்கத்த வெச்சு."

"அப்போ அவ தூங்கிட்டுத்தான் இருந்தாளா? முதல் தடவ வந்தப்பவும்?"

"நல்லாவே தூங்கியிருக்கா."

டாக்டர் இதழினியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். "அப்ப அது சின்னக் குழி," என்றார். "பத்து நிமிஷ வேலை. அடைச்சு அனுப்பியிருப்பேன்."

"இப்ப சரி பண்ணிடலாம் டாக்டர்! அதிர்வைக் கழிச்சுட்டு எண்ணச் சொல்லிட்டேன். அவ உறக்க அறையில ஒரு தடவ நல்லாத் தூங்கினாப் போதும், பச்சை வந்துடும். விதியிலயே இருக்கு."

"உறக்க அறையில ரெண்டு வாட்டி படுக்க வெச்சாங்களே," என்றேன். "கண்ணக் கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கெடந்தா."

"ஏன்னா அங்க சத்தமே இல்லைங்க மேடம்!"

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. ஹரிணி தன் வீட்டுக்காரர் பிரவீனைப் போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, தறியப் போடுங்க. அட, போடுங்கன்னா! போட்டுப்போட்டு போனத் தறிகிட்டப் புடிங்க."

"என்னாச்சு உனக்கு? மூணு நாளா நிறுத்து நிறுத்துன்னே. இப்பத் தறியோட பேசோணுமா?"

"நீங்க பேச வேண்டாம். தறி பேசட்டும்."

போனிலிருந்து தடதடவென்று கிளம்பிய சத்தத்தை அபினவ் உறக்க அறையின் ஒலிபெருக்கியில் இணைத்தார். ஆனால் சத்தம் மட்டும் இதழினிக்குப் போதவில்லை. "கட்டில் ஆடல," என்று உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் யோசித்துவிட்டுக் கையைத் தட்டினார். பல் கருவிகளுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரஸர் அடுத்த அறையில் இருந்தது. அபினவும் நானும் கட்டிலைத் தூக்கி அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். டாக்டரே போய் கம்ப்ரஸரைப் போட்டார். சுவர் கடகடத்தது. கட்டில் அதிர்ந்தது. வெளியே காத்திருந்த தாய்மார்கள் பூகம்பம் என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

இதழினி ஒரு முறை கொட்டாவி விட்டாள். தூங்கிப் போனாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேரும் பலகையைச் சூழ்ந்து நின்றோம். காத்திருந்த தாய்மார்களும் வந்து எங்கள் தோள்களுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு வெளுத்தது. ஆரஞ்சு ஆனது. "ஏறுது, ஏறுது!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கடைசி ஓவர் பார்ப்பது போல ஹரிணி என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மஞ்சள் வந்தது. நல்ல எலுமிச்சை மஞ்சள். இன்னும் கொஞ்சம்தான்.

வீறிட்டுக்கொண்டு எழுந்தாள் இதழினி. கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பலகை ஒரே தாவலில் சிவப்புக்குத் திரும்பியது.

"திரும்பப் படுக்க வையுங்க," என்றார் அபினவ். "சத்தத்தக் கூட்டறேன்."

டாக்டர் ரிஸ்வானா அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார். பிள்ளையின் தாடையின் கீழ் விரல் வைத்துப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"சத்தம் பிரச்சினை இல்ல அபினவ். அவ தூங்கத்தான் பாக்கறா, வலி எழுப்புது. பல்லுக்கு அடியில சீழ் கட்டி, வீக்கம் தாடைக்குக் கீழ இறங்கிட்டு இருக்கு. காய்ச்சல் வேற. கழுத்துக்குள்ள போச்சுன்னா மூச்சு விட முடியாது. இன்னைக்கே அந்தப் பல் வெளிய வரணும். நாற்காலியத் திறங்க."

"நான் திறக்க முடியாது டாக்டர். தலைமை அலுவலகம் திறக்கணும்."

"கேளுங்க."

கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஒலிபெருக்கியில் போட்டே கேட்டார். மறுமுனையில் இனிமையான ஒரு குரல், குழந்தை சிவப்பில் இருப்பதால் மீண்டும் மூன்று இரவு ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது என்றது. வீக்கம் இருப்பதைச் சொன்னார். அப்படியென்றால் மயக்கம் கொடுத்துச் செய்யும் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றது குரல். கோயம்புத்தூரில். அங்கே இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். மாவட்டத்துச் சிவப்புப் பிள்ளைகள் எல்லாம் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். குரல் சொன்ன தேதி பல வாரம் தள்ளி, ஆடி கழிந்து வந்தது.

டாக்டர் போனை வாங்கி அணைத்தார். நாற்காலி இருந்த அறைக்குள் போனார். சன்னலோரத்து ரெக்சின் பெஞ்சை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

"ஹரிணி, இதுல உக்காரு. புள்ளைய மடியில சாச்சுக்க. அக்கா, நீங்க கால் பக்கம். ஆனா அமுக்கக் கூடாது, சும்மா கை வெச்சாப் போதும். அபினவ், டார்ச் பிடிக்கத் தெரியுமா?"

"டாக்டர், காப்பு சிவப்புல இருக்கறப்ப கருவி எடுத்தா உங்க பதிவு போயிடும். எனக்குத் தெரிஞ்சா நான் புகார் பண்ணணும். அதுதான் என் வேலையே."

"பண்ணுங்க. முடிஞ்சப்புறம் பண்ணுங்க. இப்ப டார்ச்."

அபினவ் டார்ச்சை எடுத்தார்.

டாக்டர் இதழினியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். ஊசி குத்தும். அப்புறம் மரத்துப் போகும். அப்புறம் பல்லை அசைப்பேன், அமுக்கற மாதிரி இருக்கும். நீ கையைத் தூக்கினா அந்த நொடியே நிறுத்திருவேன். சரியா?"

இதழினி உடனே கையைத் தூக்கினாள். டாக்டர் இரண்டு கைகளையும் விலக்கி, பின்னால் சாய்ந்தார். இதழினி கையை இறக்கினாள். டாக்டர் குனிந்தார். கை மறுபடி மேலே போனது. டாக்டர் மறுபடி விலகினார். இப்படியே நடந்துகொண்டிருந்தது. அபினவ் பெருமூச்சு விட்டார். "ஷ்ஷ்," என்றார் டாக்டர். "சோதிச்சுப் பாக்கறா. பாக்கட்டும்."

கடைசியில் கை மேலே போகவில்லை. வாய் திறந்தது.

எல்லாம் அமைதியாக நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. ஊசி போட்டதும் அவள் கத்திய கத்தலில் கீழ் மாடி மருந்துக் கடைக்காரர் மேலே ஓடி வந்தார். உதைத்த உதையில் அபினவின் கண்ணாடி பறந்து வாஷ்பேசினில் விழுந்தது. டாக்டரின் விரலைக் கடித்தாள். "டாக்டர் கழுதை!" என்றாள். "ஆமாம் கண்ணு, கழுதைதான்," என்றார் டாக்டர், விரலை எடுக்காமல். நடுவில் ஒரு முறை கை உயர்ந்தது. பல் பாதி அசைந்திருந்த நேரம் அது. டாக்டர் அப்போதும் நிறுத்தினார். ஹரிணி அழுதாள், சிரித்தாள், "இன்னுங் கொஞ்சந்தான் சாமி" என்றாள். பிறகு சின்னதாக ஒரு சத்தம். அரிசி அளவு வேர்களோடு ஒரு பால் பல் டாக்டரின் இடுக்கியில் இருந்தது. பின்னாலேயே சீழ் வந்தது. துடைத்துப் பஞ்சு வைத்தார்.

"அவ்ளோதானா?" என்றாள் இதழினி, பஞ்சைக் கடித்துக்கொண்டு.

"அவ்ளோதான்."

"அப்ப எதுக்கு இத்தன நாளு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அம்மாவின் மடியிலேயே ஒருக்களித்து, சுருண்டு, தூங்கிவிட்டாள். தறிச் சத்தம் இல்லை. கம்ப்ரஸரை எப்போதோ நிறுத்தியிருந்தோம். சன்னலுக்கு வெளியே பேருந்துக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் புரளக்கூட இல்லை.

நாங்கள் கையைக் கழுவி, தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது அறையின் நடுவில் 'டிங்' என்று ஒரு சத்தம். பூட்டியிருந்த நாற்காலியில் பச்சை விளக்கு எரிந்தது. முதுகு மெல்லச் சாய்ந்தது. கைப்பிடி திறந்தது. இனிமையான அதே குரல் சொன்னது: "இதழினி, நீங்கள் சிகிச்சைக்குத் தயார். வாழ்த்துகள்."

ஹரிணிக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அபினவ் மட்டும் சிரிக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர், ஒண்ணு சொல்லட்டுமா? பச்சை வந்துடுச்சு. நேரம் இருபது நிமிஷம் தள்ளி இருக்கு, அவ்வளவுதான். என்னால அதை முன்னாடி நகர்த்த முடியும். பச்சை வந்துச்சு, நாற்காலி திறந்துச்சு, பல் எடுத்தீங்க. உங்க பதிவுக்கு ஒண்ணும் ஆகாது. தறி முறைன்னு காப்புல புதுசா ஒண்ணு சேர்த்துடறேன். அந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாம் இனிமே பச்சை. எல்லாருக்கும் நல்லது."

"அப்புடியே பண்ணிப்போடுங்க சார்," என்றாள் ஹரிணி உடனே. "டாக்டரம்மா, வேண்டாங்க. நீங்களும் போயிட்டா எங்க புள்ளைங்கள ஆரு பாப்பாங்க?"

டாக்டர் கடிபட்ட விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். "தறி முறை போடுங்க அபினவ், நல்லதுதான். ஆனா அடுத்து ரயில் ரோட்டோரத்துப் புள்ள வரும். அப்பன் குடிச்சுட்டு வந்து சட்டி உடைக்கிற வீட்டுப் புள்ள வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை கண்டுபிடிக்கிற வரைக்கும் சீழ் காத்திருக்குமா? தூங்கின புள்ள அழாதுன்னு நான் சொன்னது பொய்யில்ல. ஆனா வலிக்கிற புள்ளைகிட்டப் போய்த் தூக்கத்தக் கேட்டிருக்கேன். நான் இருந்து, நாற்காலி பூட்டியே இருந்தா, நான் எதுக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க மனு எழுதுவீங்கன்னு ஹரிணி சொன்னா. எழுதறீங்களா? நடந்தது நடந்தபடி. கத்தினது, கடிச்சது, எல்லாம்."

"கடிச்சதுமா?"

"அதை மொதல்ல எழுதுங்க. இல்லேன்னா சிவப்புப் புள்ளையும் சமத்தா இருந்துச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அழுதாலும் பாக்கணும். அதுதான் விஷயம்."

கணினி வழியாக அனுப்பும் மனுவை முதலில் படிப்பது காப்பு நிறுவனத்தின் இயந்திரம்தான். காகிதத்தில் போனால் சுகாதாரத் துறையில் ஒரு மனிதர் கையால் பிரித்தாக வேண்டும். ஆகவே காகிதத்தில் எழுதினேன். மருத்துவமனை மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், அதன் கீழே: 'பொருள்: வலியோடு வரும் பிள்ளையிடம் தூக்கம் கேட்க வேண்டாம் என்று கோருவது குறித்து.' முதல் முறை சிவப்பு வந்த நாளில் இருந்த சின்னக் குழியைப் பற்றி எழுதினேன். தறியை நிறுத்தி நாங்கள் செய்த முட்டாள்தனத்தை எழுதினேன். பல்லைப் பிடுங்கிய பிறகு பச்சை வந்ததை எழுதினேன். கேட்டது ஒன்றே ஒன்று: வலியும் வீக்கமும் இருந்தால் நிறம் பார்க்காமல் நாற்காலி திறக்க வேண்டும்; திறக்கும் அதிகாரம் பக்கத்தில் நிற்கிற மருத்துவருக்கு வேண்டும்.

டாக்டர் ரிஸ்வானா படித்துப் பார்த்தார். 'காப்பு சிவப்பில் இருக்கும்போதே' என்று நான் எழுதியிருந்த இடத்தில், 'என் சொந்த முடிவின்படி' என்று தன் கையால் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஹரிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள்.

சாட்சி என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அபினவ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என் வேலை போச்சுன்னா," என்றார், "உங்க தெருவுல தறி ஓட்டக் கத்துக் கொடுப்பீங்களா?"

"தறி ஓட்டறது இருக்கட்டுங்க," என்றாள் ஹரிணி. "மொதல்ல அந்தச் சத்தத்துல தூங்கக் கத்துக்கோணும்."

அவர் கையெழுத்துப் போட்டார். பெயரை, பதவியை, நிறுவனத்தை, எல்லாவற்றையும் தெளிவாக எழுதினார்.

"ஒட்டுங்க அக்கா," என்றார் டாக்டர். "யாருக்காவது மனசு மாறறதுக்கு முன்னாடி."

ஒட்டினேன். உறையின் மடிப்பை விரல் நகத்தால் இருமுறை தேய்த்தேன். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வாங்கும் பெண், எடை போட்டுப் பார்த்துவிட்டு, "சாதாவாப் போதுமாங்க்கா, அவசரமா?" என்று கேட்டார்.

"அவசரம்," என்றேன்.

முத்திரையை மையில் அழுத்தி, உறையின் மேல் ஓங்கிக் குத்தினார். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாய் திறந்திருந்த பைக்குள் எறிந்தார்.